45 இல் விட்ட பிறகுதான் நீ வந்தாய்

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.

அன்பு மகளுக்கு,

நீ பாடி அனுப்பிய இசைத்தட்டு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. மட்டையின் ஒரு மூலை மடங்கியிருக்கிறது, தட்டுக்கு ஒன்றும் இல்லை. அம்மா அதைச் சாமியறையில் வைத்து எடுத்த பிறகுதான் என் கையில் தந்தார்.

ஆர்ட் பொப் என்று நீ சொன்னபோது எனக்குப் பிடிபடவில்லை. பொப் என்றால் எங்கள் காலத்துக்கு நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும்தான். கலியாண வீட்டில் அந்தப் பாட்டுப் போட்டால் கிழவர்களும் எழும்பி ஆடுவார்கள். உங்களுடையது ஆடச் சொல்லவில்லை, இருந்து கேள் என்கிறது. நாங்கள் இருந்து கேட்டோம்.

பரந்தனில் ரேடியோ திருத்துகிற ஒருவரிடம் அவருடைய தகப்பன் காலத்துப் பிளேயர் இருக்கிறது. அங்கே கொண்டுபோனோம். ஊசியை வைத்ததும் தடித்த ஆண் குரல் ஒன்று இழுத்து இழுத்து வந்தது. அம்மாவின் முகம் வாடிவிட்டது. "இது என்ர பிள்ளையின்ர குரல் இல்லை" என்றார். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுத் தட்டின் நடுவில் இருந்த தாளை வாசித்தார். "நிமிசத்துக்கு 45 சுற்று எண்டு போட்டிருக்கு ஐயா, பெரிய தட்டு எண்டு நான் 33 இல விட்டிட்டன்." விசையை மாற்றினார். நீ வந்தாய். பக்கத்துக்கு இரண்டு பாட்டு மட்டும் என்பதால்தான் 45 இல் வெட்டியிருக்கிறார்கள், சத்தம் தெளிவாய் இருக்கும் என்றும் சொன்னார்.

அந்த இழுவைக் குரல் எனக்குப் பழக்கம். 90களில் சண்டைக் காலத்தில் இங்கே கரண்டும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, பெடலைக் கையால் சுற்றித்தான் கசெற் கேட்டோம். கை ஓய்ந்தால் பாடுகிறவரின் குரலும் இப்படித்தான் தடிக்கும்.

மறுபக்கத்து முதல் பாட்டில் உடுக்கு வந்தபோது நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். காத்தவராயன் கூத்தில் அப்பப்பா அடித்த அடி அது. சின்னதில் உன்னை மடியில் வைத்துச் சுளகில் தட்டிக் காட்டினேனே, அதை நீ மறக்கவில்லை.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அப்பப்பா அடித்ததை நான் ஒரு கசெற்றில் பதிந்து வைத்திருந்தேன். 2008 இல் இடம்பெயர வெளிக்கிட்டபோது அதைப் பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு மாமரத்தடியில் புதைத்தேன். 2010 இல் திரும்பி வந்து தோண்டினேன். ரின் இருந்தது. உள்ளே நாடா பூஞ்சணம் பிடித்து ஒரே கட்டியாய் ஒட்டிக் கிடந்தது. வேறு பிரதி எடுத்து வைக்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

300 தட்டு அடித்தோம், பாதிக்கு மேல் விற்காமல் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது என்று போனில் அழுதாயே பிள்ளை. விலை போகாவிட்டால் சும்மா கொடு. வருகிறவர்கள் போகிறவர்கள் கையில் கொடு, நூலகங்களுக்கு அனுப்பு. எங்காவது 300 வீட்டில் அது இருக்கட்டும். மூலப்பதிவை மட்டும் இரண்டு இடத்தில் பிரித்து வை. கம்பனிக்காரர் யாரும் நல்லாய்க் கதைத்தாலும் அதன் உரிமையை அவசரப்பட்டு எழுதிக் கொடுக்காதே.

இங்கே ஒரு பத்து அனுப்பு. கடைக்காரர் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். தபால் செலவை நான் தருகிறேன்.

அப்பா