படை அனுப்பச் சொல்லும் முன்

வியாசர்பாடியில் சென்ற ஞாயிறு பொதுக்கூட்டம் நடத்திய மன்றப் பெரியவர்களுக்கு வணக்கம்.

இந்தியப் படை போய் பர்மா ராணுவ ஆட்சியைக் கவிழ்க்க வேண்டும் என்று நீங்கள் தீர்மானம் போட்டபோது கைதட்டாமல் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. 2021-இல் அங்கே ஆட்சியைக் கவிழ்த்த ராணுவத் தளபதி மின் ஆங் லைங் மீது எனக்குப் பரிவு ஏதும் கிடையாது. எங்களுடையதும் பர்மாவிலிருந்து வந்த குடும்பம்தான்.

அங்கே முன்பு ராணுவ ஆட்சி நடத்திய நே வின் காலத்துக் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாத்தாவின் கடை அரசுடைமை ஆனது. 1964-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். ஆயா சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த நோட்டுகள்தான். ரங்கூன் துறைமுகத்தில் சோதனை போட்டவன் ஆயா காதில் கிடந்த தோட்டையும் கழற்றச் சொன்னான். மூளிக் காதோடு கப்பல் ஏறியவர், பிறகு பேரப்பிள்ளைகள் வாங்கித் தந்தும் தோடு போடவே இல்லை. அன்று டெல்லி படை அனுப்பவில்லை, கப்பல் அனுப்பியது.

அதற்காக வெளியார் படையே பாவம் என்று சொல்ல மாட்டேன். 1979-இல் வியட்நாம் படை கொடுங்கோலன் போல் பாட்டை விரட்டியிராவிட்டால் கம்போடியாவில் இன்னும் எத்தனை பேர் செத்திருப்பார்களோ. ஆனால் போன படை முழுசாகத் திரும்ப 1989 ஆயிற்று. 2003-இல் ஈராக்கில் சதாமைக் கவிழ்த்தவர்களோ, படையெடுக்கக் காரணம் சொன்ன பேரழிவு ஆயுதங்களைக் கடைசிவரை காட்டவில்லை. குண்டு விழப்போவது பர்மாவின் மாந்தளையில். கை தூக்கியது வியாசர்பாடியில். அங்கே இருப்பவர்களை யார் கேட்டது?

2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு இந்தியாவிலிருந்து பர்மா ராணுவத்துக்குப் போன ஆயுதமும் தளவாடமும் சுமார் 5.1 கோடி டாலர் என்று 2023-இல் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் கணக்குச் சொன்னார். முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். தப்பி வருகிறவர்களை உள்ளே விடச் சொல்லுங்கள். விடாதே என்று டெல்லி எழுதியும் பர்மா எல்லையில் உள்ள மிசோரம் மக்கள் இடம் கொடுத்தார்களே!

நம் பகுதியின் கேப்டன் காட்டன் கால்வாயைத் தூர்வார ஒரு தீர்மானம் போட உங்களுக்கு இத்தனை வருடமாக நேரமில்லை, பர்மாவின் தலைநகர் நேப்பிடோவைப் பிடிக்க மட்டும் நேரமிருக்கிறது. சரி, அது வேறு விஷயம்.

தயவுசெய்து அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். ஆயுதம் விற்காதே, வருகிறவர்களை விரட்டாதே என்று எழுதி டெல்லிக்கு அனுப்புங்கள். கையெழுத்துப் போட எங்கள் தெருவிலிருந்து ஆட்களை நான் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கூட்டத்துக்குத் தவறாமல் வரும் ஒருத்தி