தவில் வாசிக்காத பொண்ணுக்கு அப்பா எழுதுறது

பாப்பா,

போன்ல பேசுனா நமக்குள்ள சண்டைதான் வருது. அதுல பாதி, நீ சொல்றது எனக்கு சரியா விழாததால வர்ற சண்டைன்னு நீயே சொல்லுவ, சரி இருக்கட்டும், அதனாலதான் டைப் பண்றேன். உங்கண்ணன் பையன்தான் தமிழ் கீபோர்டு போட்டுக் குடுத்தான். எழுத்துப்பிழை இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்க.

அன்னிக்கு போன வெக்கிறதுக்கு முன்னாடி சொன்னியே, "இந்த வீட்ல தவிலோ நாயனமோ வாசிக்காதவ நான் ஒருத்திதானப்பா, எனக்கு அங்க என்ன எடம்"னு, அதுக்குதான் இந்த லெட்டர். சித்தப்பா அந்த கல்யாணத்துல, காது டெஸ்ட் பண்ற உன்னக் காட்டி "அண்ணன் பொண்ணு, செவிட்டு டாக்டரு"ன்னு சொல்லி சிரிச்சது உனக்கு ஒறைச்சிருக்கு. அவன் அப்படித்தான், நாதஸ்வரத்துல ஊதுற சீவாளிய பதம் பாத்து பாத்து வெக்கிறவன் பேச்சுக்கு மட்டும் பதமே பாக்க மாட்டான். அப்புறம் மேளம் செட்டெல்லாம் சேந்து போட்டோ எடுக்குறப்ப நீ தள்ளிப் போய் பந்தல் ஓரமா நின்னுகிட்டதையும் பாத்தேன். கூப்புடலாம்னுதான் பாத்தேன், தோள்ல தவில் கெடந்துச்சு, கைய கூட அசைக்க முடியல.

உங்கம்மா கிட்ட இத சொன்னா அவ உடனே பரதநாட்டியம் ஆடுன பாலசரஸ்வதி கதைய எடுத்துட்டா. வீணை தனம்மாள் வீடு, பாட்டு, வீணைன்னு பேர் போன வீடு, அந்த வீட்டுப் பேத்தி ஆட வந்தாங்க, அம்மா ஜெயம்மாளே கூட நின்னு பாடுனாங்க, தம்பிங்க ரெண்டு பேர்ல ரங்கநாதன் மிருதங்கம், விஸ்வநாதன் புல்லாங்குழல், ஆளுக்கொரு பக்கம் போனாலும் ஒரே வீடுதானே, அந்தம்மாவுக்கு 1973ல மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி பட்டமே குடுத்தாங்களே, அதுக்கு முன்னாடி ஆடுறவங்க யாருக்கும் அத குடுத்ததில்லன்னு எல்லாம் சொன்னா. இத உனக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பியிருப்பா. நல்ல கதைதான், ஆனா உனக்கு ஒத்து வராது. ஆட்டமும் மேடைதானே. நீ மேடையே வேணாம்னு போனவ. ஆறுதலுக்காக "நீயும் ஒரு கலைஞர்தான்"னு நான் சொல்லப் போறதில்ல, சொன்னா நீயே சிரிப்ப.

நாயனம், அதான் நாதஸ்வரம், செய்யிற நரசிங்கம்பேட்டை ஆசாரிங்கள வேணா சொல்லலாம். பழைய குட்டை திமிரி நாயனம் ஓங்கிக் கத்தும், நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளைக்கு அது பத்தல, நீளமா, சுருதி எறங்கி, கம்பீரமா வேணும்னு ரங்கநாத ஆசாரி கிட்ட உக்காந்து பாரி நாயனத்த செஞ்சு வாங்குனாரு. இன்னிக்கு எல்லார் கையிலயும் இருக்குறது அந்த வழியில வந்ததுதான். ஆச்சா மரத்த கடையத் தெரியணும், ஏழு வெரல் தொளை எங்க விழணும்னு தெரியணும், கீழ இருக்குற அஞ்சு தொளைல எத மெழுகு வெச்சு அடைக்கணும்னு காது சொல்லணும். வேலை செய்யிறவருக்கு காது இல்லன்னா வாசிக்கிறவருக்கு நாயனமே கெடையாது. ஆனா இதுவும் முழுசா உனக்குப் பொருந்தாது பாப்பா. ஆசாரி நாயனத்த கையில குடுத்ததோட அவர் வேலை முடிஞ்சுது. அதுக்கப்புறம் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வாசிக்கிறவன் காது என்ன ஆகுதுன்னு அவரு வந்து பாக்கப் போறதில்ல.

உனக்கு நான் சொல்லிக் குடுக்கலன்னு ஊர்ல யாராவது சொன்னா நம்பாத. பொண்ணு தவில் எடுக்கக் கூடாதுன்னு இந்த வீட்ல யாரும் சொன்னதில்ல. மதுரை பொன்னுத்தாயி நாயனத்தோட மேடை ஏறுன காலத்துலயே அந்தப் பேச்செல்லாம் முடிஞ்சு போச்சுன்னு தாத்தா சொல்லுவாரு. உன்ன உக்கார வெச்சேன், த தி தொம் நம் சொன்ன, தவில் சொற்கட்டு எல்லாம் வாயால உங்கண்ணனுக்கு முந்தியே ஒப்பிச்ச, ஆனா வெரலுக்குத் தொப்பி மாதிரி போடுற கூடு மாட்டுனா கைய ஒதறுவ, தவில் அடிக்கிற பூவரசங்கழிய தோசை திருப்புறதுக்கு எடுத்துட்டுப் போயிடுவ. அப்புறம் நீயா எழுந்து போய் திண்ணைல உக்காந்துகிட்ட. அங்கேருந்தே "அப்பா வலந்தலை எறங்கிப் போச்சு"ன்னு கத்துவ. மழை நாள்ல அந்த வலது பக்கத் தோலு சுருதி எறங்குறது எனக்கு கையில தெரியுறதுக்கு முன்னாடி உனக்கு காதுல தெரியும். எரிச்சலா இருக்கும், ஆனா நட்டு போல்ட்ட முடுக்கிப் பாத்தா நீ சொன்னது சரியா இருக்கும். வார் இழுத்துக் கட்டுற பழைய தவிலா இருந்தா அதுக்கு ஒரு அரை மணி நேரம் ஆகியிருக்கும், திட்டிகிட்டே இழுத்திருப்பேன்.

நீ மைசூருக்குப் படிக்கப் போறேன்னு சொன்னப்ப தாத்தா என்ன படிப்புன்னு கேட்டாரு, காது படிப்புன்னு சொன்ன, "நம்ம படிப்பும் அதானே"ன்னுட்டு வெத்தலைய போட்டுகிட்டாரு. அவருக்கு அப்பவே பாதி கேக்காது. பாட்டி சமையக்கட்டுலேருந்து கத்துனா "முணுமுணுக்காத"ன்னு திட்டுவாரு. வயசாயிடுச்சுன்னு நாங்க பேசிகிட்டோம். நீ மட்டுந்தான், லீவுல வந்தவ, இது வயசு மட்டும் இல்லப்பா, தொழில்னு சொன்ன.

என்ன டெஸ்டுக்கு உக்கார வெச்சியே அத சொல்றேன். ஹெட்போன மாட்டி, சத்தம் கேட்டா பட்டன அமுக்குன்னு சொன்ன. பாதி நேரம் சும்மாதான் அமுக்கிகிட்டு இருந்தேன், நீ கண்டுபிடிச்சுட்ட. அப்புறம் சார்ட்ட காட்டுன, வலது காதுக்கு சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலத்துல பெருக்கல் குறி, எல்லாம் வரிசையா வந்துட்டு 4000 ஹெர்ட்ஸ் கிட்ட பள்ளத்துல விழுந்துச்சு. சத்தத்துல கெட்ட காதுக்கு பள்ளம் அங்கதான் முதல்ல விழும், உள்காதுல இருக்குற மயிர் மாதிரி செல்லு செத்தா திரும்ப மொளைக்காதுன்னு சொன்ன. சரி, இதெல்லாம் ஆஸ்பத்திரில யார் வேணா சொல்லுவாங்க. போன வருஷம் வேற ஒரு எடத்துல ஒரு டாக்டர் கிட்ட போனேன், உனக்கு சொல்லல. அவரு ரிப்போர்ட்ட பாத்துட்டு தலைய நிமிராமலே "தொழில விட்ருங்க"ன்னாரு. தவில்னா எப்படி இருக்கும், எந்தப் பக்கம் கழி, எந்தப் பக்கம் கூடு, நாயனக்காரர் எனக்கு எந்தப் பக்கம் உக்காருவாரு, ஒண்ணும் கேக்கல. பீஸ குடுத்துட்டு வந்துட்டேன்.

நீ என்ன சொன்ன தெரியுமா. அந்தக் கல்யாணத்துல முழுசா உக்காந்து கேட்டுட்டு, ராத்திரி பந்தில எல ஓரமா வந்து நின்னு, "அப்பா, நீ இப்பல்லாம் கேட்டு வாசிக்கல, பாத்து வாசிக்கிற"ன்ன. எனக்கு சோறு எறங்கல பாப்பா. ஏன்னா அது எனக்கும் சித்தப்பாவுக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம், இல்ல, அவனுக்குக் கூட தெரியாதுன்னு நெனைக்கிறேன். அவன் மேல் ஸ்தாயிக்குப் போறப்ப அந்த சின்னச் சின்ன சுர சங்கதி எனக்கு தேஞ்சுதான் விழுது. அவன் வெரலப் பாக்குறேன், கன்னம் உப்புறதப் பாக்குறேன், மூச்சு எடுக்க தோள் ஏறுறதப் பாக்குறேன், அத வெச்சு எங்க நிறுத்துவான், எங்க எடுப்பான்னு புடிச்சுடுவேன். ரொம்ப வருஷம் கூட வாசிச்ச பழக்கம். ஸ்பெஷல் தவில்னு வேற ஊர்ல கூப்புட்டு புது நாயனக்காரர் கூட உக்கார வெச்சா எனக்கு உள்ளுக்குள்ள ஒதறும். சபையில ஆயிரம் பேரு இருந்தாங்க, வித்வான்களும் இருந்தாங்க, ஒருத்தருக்கும் இது தெரியல. தவில் தெரியாத டாக்டரால இத பாக்க முடியாது. டாக்டருக்குப் படிக்காத தவில்காரனாலயும் முடியாது. திண்ணைல உக்காந்து வலந்தலை எறங்கிடுச்சுன்னு கத்துன பொண்ணு அந்தப் படிப்பையும் படிச்சதாலதான் முடிஞ்சுது. இதுக்கு மேல உன் எடம் எதுன்னு நான் எப்படி சொல்றது.

இன்னொண்ணு, நீ என்ன தொழில விடச் சொல்லல. காதுக்கு அடைப்பான் போடச் சொன்ன. அங்கதான் நமக்குள்ள சண்டை. 85 டெசிபல்னா எட்டு மணி நேரம் வரைக்கும் காது தாங்கும், ஒவ்வொரு மூணு டெசிபல் ஏறுறதுக்கும் நேரம் பாதியாகும்னு கணக்கு சொன்ன. அந்தக் கணக்குல நூறுக்கு வந்தா கால் மணி நேரந்தான். சாமி பொறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரிய கம்பீரநாட்டை ராகத்துல எடுத்தா அது சன்னதி தாண்டி தேரடி வர்றதுக்கே அதுக்கு மேல ஆகும், அப்புறம் வீதி ஒண்ணொண்ணா இருக்கு. பெருமாள்கிட்ட போய் சீக்கிரம் நடங்கன்னா சொல்ல முடியும்? வெளி வீதில சத்தம் காத்தோட போயிடும், அது பரவால்ல. இந்த ஏசி மண்டபந்தான் ஆகாது. நாலு பக்கமும் செவுரு, மேளத்துக்கே மைக்கு, போதாததுக்கு நம்ம காதுக்குப் பக்கத்துலயே ஒரு ஸ்பீக்கர். மேளத்துக்கு எதுக்குய்யா மைக்குன்னு நான் கேட்டா, வயசான ஆளு பேசுறாருன்னு மைக்செட்டுக்காரப் பையன் சிரிக்கிறான். நீ வந்து சொல்லு, டாக்டர் சொன்னா கேப்பான்.

நீ குடுத்துட்டுப் போன அந்த ஸ்பாஞ்ச் அடைப்பான சாதகத்துக்குப் போட்டுப் பாத்தேன். வேஸ்ட்டு. கீழ் சத்தம் தொம்முனு வருது, வலந்தலைல கூடு படுற அந்த நறுக்கு வரவே இல்ல, அது இல்லன்னா நான் எத கேட்டு வாசிக்கிறது. நீ அப்புறமா அனுப்புனியே, உள்ள சின்ன பில்டர் வெச்சது, எல்லா சத்தத்தையும் ஒரே அளவா கொறைக்குமே, அது தேவல. வீட்ல போட்டுக்குறேன், பையனுக்கு சொல்லிக் குடுக்குறப்பவும் போட்டுக்குறேன். கச்சேரில மட்டும் இப்போதைக்கு என்ன கேக்காத. காதுல எதையோ சொருகிகிட்டு தனி ஆவர்த்தனத்துக்கு உக்காந்தா எதிர்ல இருக்குற நாலு பெருசு என்ன நெனைக்கும்னு இருக்கு. இதுக்கு நீ திட்டுவ. திட்டு.

உங்கண்ணன் அத போட்டுகிட்டு வெளியூர் கச்சேரிக்கே போயிட்டு வந்துட்டான், ராத்திரி காதுக்குள்ள வர்ற அந்த கூவல் இப்ப கொறைஞ்சிருக்குன்னான். அவனுக்கும் அது இருந்துச்சுன்னு அப்பதான் எனக்கே தெரியும். சித்தப்பா கிட்ட அவன்தான் சொல்லியிருக்கான். இப்ப சித்தப்பா சுத்தி வளைச்சு என்கிட்ட கேக்குறான், "அந்தப் பொண்ணு எப்பண்ணே வரும்"னு. செவிட்டு டாக்டர்னு சொன்ன வாயி. நேரா உன்கிட்ட கேக்க மாட்டான், நீயும் ஈசியா ஒத்துக்காத, ரெண்டு தடவ கேக்க விடு.

ஆடில முகூர்த்தம் கெடையாது, எல்லாரும் வீட்லதான் கெடப்போம். அப்ப லீவு போட்டுட்டு அந்த மெஷினோட வந்துடு. பக்கத்து ஊரு ரெண்டு செட்டுலயும் சொல்லி வெச்சிருக்கேன், திருவாரூர் இசைப்பள்ளில படிக்கிற பசங்க சில பேரும் வருவாங்க, அவங்களுக்கெல்லாம் இன்னும் பள்ளம் விழுந்திருக்காதுன்னுதான் நெனைக்கிறேன், இப்பவே பாத்து வெச்சா நல்லது. சத்தம் இல்லாத ரூம் வேணும்னு சொல்லுவியே, நம்ம வீட்ல அது கெடையாது, பின்கட்டு நெல்லு ரூம காலி பண்ணி மெத்தைய செவுத்துல சாத்தி வெக்கச் சொல்லியிருக்கேன், போதுமான்னு போட்டோ அனுப்புறேன் பாத்து சொல்லு. பில்டர் வெச்ச அடைப்பான் எனக்கு ஒரு செட்டு கூட சேத்து எடுத்துட்டு வா, பழசுல ஒண்ண தொலைச்சுட்டேன். உங்கண்ணன் பையன் தவில் எடுத்துட்டான், அவன் காது ரொம்ப சின்னது, அதுக்கேத்த சைஸா பாத்து வாங்கு.

அப்பா