அடுப்பைக் குறை சொல்லுமுன் விறகைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

ஐப்பசி மழை பிடித்ததும் குமரி மாவட்டத்து அடுக்களைகளில் ஒரே புலம்பல்: ‘புகையில்லா அடுப்பு கட்டியும் வீடெல்லாம் புகை.’ பெரும்பாலும் குற்றம் அடுப்பில் இல்லை. பச்சை ரப்பர் விறகிலும் அடைத்துக் கிடக்கும் புகைக்குழாயிலும்தான் இருக்கிறது.

குலசேகரம், அருமனைப் பக்கம் மறுநடவுக்காக வெட்டும் ரப்பர் எளிதாகக் கிடைக்கிறது. புதிதாக வெட்டிய தடியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீர். தீயின் சூடு அதை ஆவியாக்கவே போய்விடும், மிச்சம் புகைதான். மூன்று அங்குலக் கனத்துக்குப் பிளந்து, கல் வைத்துத் தரையிலிருந்து அரை அடி உயர்த்தி அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம் போதும். தார்ப்பாயால் சுற்றி மூடினால் பூஞ்சை பிடிக்கும். மாசியில் அடுக்கினால் ஐப்பசிக்கு ஆகும். வருடக்கணக்கில் சேர்த்து வைக்கவும் கூடாது, ரப்பர் உளுத்து மாவாகக் கொட்டும். இரண்டு துண்டை மோதிப் பாருங்கள்: காய்ந்தது ‘டங்’ என்னும், ஈரமானது ‘தொப்’ என்னும்.

ஈரப்புகை குழாயின் மேல்பகுதியில் குளிர்ந்து தாராகப் படிகிறது. 4 அங்குலக் குழாயில் சுற்றிலும் அரை அங்குலம் படிந்தால் உள்வாய் 3 அங்குலம். புகை போகும் வழி கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். அந்தத் தார் தீப்பிடிக்கவும் செய்யும், ஓலைக்கூரை வீட்டில் இது விளையாட்டல்ல. தினம் எரிகிற அடுப்பானால் மாதம் ஒருமுறை, நன்றாக ஆறிய பின், அடுப்பு வாயில் ஈரச்சாக்கு போட்டு, கயிற்றில் கதம்பையும் (தேங்காய் மட்டை) அடியில் ஒரு கல்லும் கட்டி மேலிருந்து ஏற்றி இறக்க வேண்டும். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) குழாயானால் கதம்பையை நனைத்துக்கொள்ளுங்கள். அரம் போட்டுச் சுரண்டவே கூடாது, அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

காலையில் குழாய் குளிர்ந்திருக்கும்போது புகை திரும்பி அடிக்கும். குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு கீற்று ஓலையைக் கொளுத்திச் சூடேற்றினால் இழுக்கத் தொடங்கும். அடுப்பின் இரண்டாவது குழியைப் பாத்திரம் வைக்காமல் திறந்து போடுவதும், வாய் நிறைய விறகைத் திணிப்பதும் இழுவையைக் கெடுக்கும் வழக்கங்கள்.

அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையிலிருந்து வரும் முந்திரித்தோட்டை வீட்டு அடுப்பில் போடாதீர்கள். அதன் எண்ணெய்ப் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். கடலோரத்தில் பழைய வள்ளத்தின் (படகின்) பலகையை எரிப்பவர்களுக்கும் இதே சொல்: பெயின்ட் புகை நஞ்சு, பலகையில் ஊறிய உப்பு அடுப்பின் இரும்புக் கம்பிவலையைத் தின்றுவிடும். அதைவிடத் தேங்காய்ச் சிரட்டை எவ்வளவோ மேல்.

கொத்தனார்களிடம் ஒரு வேண்டுகோள். குழாய் வளையும் இடத்தில் கழற்றக்கூடிய ஒரு மூடி வைத்துக் கட்டுங்கள். அது இல்லாத வீடுகளில்தான் கரி கட்டிக்கட்டியாக அடைத்துக் கிடக்கிறது.

அடுப்பு கட்டும் தொழிலாளி,
தக்கலை