முகப்பில் விளக்கு எரிந்தது, பின்கட்டில் உருளி போனது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"வாசலில் இரவு முழுக்கப் பிரகாசமாக ஒரு விளக்கு எரிந்தால் போதும், திருடன் அண்ட மாட்டான்" என்று சென்ற இதழில் எழுதியிருக்கிறீர்கள். எந்த வாசலில் என்று எழுதவில்லையே?

செட்டிநாட்டு வீடு தாங்கள் அறியாததா? முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பில் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் அடுப்படியில் கேட்காது. நானும் மூன்று வருடம் முன்பு தங்களைப் போலவே நினைத்து, முகப்பில் 50 வாட் ஃபோகஸ் லைட் மாட்டினேன். இரவுக்குப் 12 மணி நேரம் எரித்தால் இரண்டு மாதத்தில் 36 யூனிட். இலவச 100 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கை அதுவே தின்றது. திண்ணையில் காவலுக்குப் படுத்திருந்தவருக்கோ வெளிச்சம் கண்ணில் அடித்து, அந்தப் பக்கம் யானை நின்றாலும் தெரியாது. வந்தவன் பின்வாசல் கதவைப் பெயர்த்து, என் மாமியாருக்குச் சீராக வந்த வெண்கல உருளியையும் இரண்டு பித்தளை அண்டாவையும் சாவகாசமாகக் கொண்டுபோனான். முகப்பு விளக்கு எதிர்வீட்டுப் பூட்டைப் பளபளவென்று காட்டிக்கொண்டிருந்தது!

எங்கள் தெருவில் பதினாலு வீடு. ஆள் இருப்பது நாலில். மற்றவர்கள் சென்னை, சிங்கப்பூர். கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி என்றால்தான் கதவு திறக்கும். வெளிச்சத்தில் திருடனைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? அணைக்க ஆளில்லாமல் பகலிலும் எரியும் விளக்கு, வீட்டில் யாருமில்லை என்று போர்டு மாட்டிய மாதிரி. தெருமுனைக் கம்பத்து விளக்கு தை மாதத்திலிருந்து எரியவில்லை. மூன்று மனு கொடுத்தாயிற்று. அதை விடுங்கள். இரண்டு வருடம் முன்பு தங்கள் பயணக் கட்டுரையில் பக்கத்து வீட்டுத் தேக்குத் தூண், தஞ்சாவூர்ப் படம் எல்லாம் கலரில், தெருப்பெயரோடு வந்ததே, நினைவிருக்கிறதா? வழியும் சொல்லிவிட்டு இப்போது விளக்கும் போடச் சொல்கிறீர்கள்.

இப்போது பின்வாசலில் சென்சார் விளக்கு வைத்திருக்கிறேன், தரையைப் பார்த்துக் கவிழ்த்து. ஆள் நடமாடினால்தான் எரியும். பூனைக்கும் எரிகிறது, போகட்டும். எரிந்தால் என் ஜன்னலில் தெரியும், எழுந்து பார்ப்பேன். கரண்ட் போனால் பழைய அரிக்கேன்தான்.

மறுப்பெல்லாம் வெளியிட வேண்டாம். அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில், "பின்வாசலுக்கும் ஒரு விளக்கு" என்று ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
வருடா வருடம் சந்தா கட்டும் ஓர் ஆச்சி,
கானாடுகாத்தான் பக்கம்