கடைகளுக்கு மென்பொருள் எழுதும் தம்பிமாருக்கு

கொழும்பு புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதுகிறேன். முன்பு விஷுவல் பேசிக் என்ற நிரல் மொழியில் கொஞ்சம் கைவைத்தவன், அந்தத் துணிவில்தான் இந்த மடல்.

போன மாதம் செத்தல் மிளகாய் பில் ஒன்று பிழையாக அடிபட்டுவிட்டது. கவுன்டரில் புதுப் பையன். ‘இந்த பில்லை கேன்சல் செய்யவா?’ என்று கணினித் திரையில் ஒரு பெட்டி கேட்டது. கீழே இரண்டு பொத்தான்: ஓகே, கேன்சல். பில்லை கேன்சல் செய்ய வந்தவன் எதை அமத்துவான்? கேன்சலைத்தான் அமத்தினான். பெட்டி மூடியது, பில் அப்படியே இருந்தது. அது தெரியாமல் சரியான பில்லையும் அடித்தான். பின்னேரம் கணினிக் கணக்குக்கும் லாச்சியிலிருந்த காசுக்கும் ஒரு மூட்டை மிளகாயின் விலை இடித்தது. ஏச்சு வாங்கியது பையன். பிழை உங்களுடையது.

காரணம் எனக்குத் தெரியும். விண்டோஸ் ஆயத்தமாகத் தரும் கேள்விப் பெட்டியான மெசேஜ்பாக்ஸின் பொத்தான்களில் நினைத்த சொல்லைப் போட முடியாது. ஓகே-கேன்சல், யெஸ்-நோ என்று அது தருவதில் ஒன்றை எடுக்க வேண்டும், எழுத்தும் விண்டோஸின் மொழியில்தான் வரும். கேள்வி தமிழில், பதில் இங்கிலீஷில். ஆனால் 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு டாஸ்க் டயலாக் என்ற புதுவகைப் பெட்டி வந்துவிட்டதே! அதில் சொந்தப் பொத்தான் வைக்கலாம். மைக்ரோசொஃப்டின் டாட் நெட் 5இலிருந்து, திரைகளை அமைக்கும் அதன் வின்ஃபோர்ம்ஸிலும் நேரடியாகக் கிடைக்கிறது. ‘பில்லை கேன்சல் செய்’, ‘பில் இருக்கட்டும்’ என்று எழுதிவிடுங்கள். சுமை தூக்கும் நாட்டாமி மூட்டையோடு நிற்கும்போது கேள்வியை யார் வாசிப்பது? பொத்தானைத்தான் பார்ப்பார்கள்.

சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. எந்தப் பொத்தான் அமந்தது என்பதைப் பெட்டி ஓர் எண்ணாகத்தான் நிரலுக்குச் சொல்லும். பெட்டியை மூலையிலுள்ள எக்ஸால் மூட விட்டால், உங்கள் பொத்தான்களின் எண் எதுவும் வராது, கேன்சலுக்குரிய 2 வரும். ‘இருக்கட்டும் இல்லையென்றால் கேன்சல் செய்’ என்று நிரல் எழுதியிருந்தால் பில் போச்சு. கேன்சல் செய்யச் சொல்லும் எண் வந்தால் மட்டும் செய்யுங்கள், மற்ற எதற்கும் பில்லைத் தொட வேண்டாம்.

என்டர் விசையும் அப்படித்தான். பார்கோட் ஸ்கேனர்கள் பெரும்பாலும் எண்ணை வாசித்த கையோடு ஒரு என்டரையும் அனுப்பும்படியே அமைக்கப்பட்டிருக்கும். பெட்டி திறந்திருக்கும்போது யாராவது ஸ்கேன் செய்தால், முதலில் தெரிவாகியிருக்கும் பொத்தான் தானாக அமந்துவிடும். அது ‘இருக்கட்டும்’ ஆகவே இருக்கட்டும்.

அப்புறம், பெட்டியை நீங்களே வரைகிறவர்கள் பொத்தானின் அகலத்தை இங்கிலீஷுக்கு அளந்து வைக்காதீர்கள். எங்கள் சொல் நீளம், ‘இருக்கட்’ என்று பாதியில் நிற்கும்.

அடுத்த அப்டேட் போட வரும்போது காலை 10 மணிக்கு வாருங்கள், லொறி இறக்கும் நேரம். கவுன்டரில் நின்று நீங்களே ஒரு பில்லை கேன்சல் செய்து காட்டுங்கள்.