ஜெர்பரா மலட்டுச் செடி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் தோட்டப் பக்கத்தில் ஒரு வாசகி, வீட்டு ஜெர்பராவில், அதாவது பொக்கேயில் வைக்கும் அந்தப் பெரிய டெய்சிப் பூச்செடியில், விதை எடுத்துப் புது நிறம் வரவைக்க முடியுமா என்று கேட்டிருந்தார். அதற்கு நீங்கள், ஜெர்பரா விதை பிடிக்காத செடி, புது ரகம் ஆய்வுக்கூடத்தில்தான் உருவாகும், நாற்று வாங்கி நடுங்கள் என்று இரண்டே வரியில் பதில் போட்டுவிட்டீர்கள். அந்த அம்மாவின் கேள்வி நல்ல கேள்வி, பதில்தான் தப்பு. காரிமங்கலத்தில் என் வீட்டு வாசலில் விதையில் முளைத்த ஜெர்பரா முப்பதுக்கு மேல் நிற்கின்றன, அதனால்தான் இவ்வளவு உரிமையோடு எழுதுகிறேன்.

நான் படித்த விஞ்ஞானி இல்லை. ஓசூர்ப் பக்கம் பாலிஹவுஸில், பிளாஸ்டிக் கூரை போட்ட பூந்தோட்டத்தில், பதினொரு வருஷம் வேலை பார்த்தேன், பூ பறிப்பது, தரம் பிரிப்பது, பெட்டி கட்டுவது. ஜெர்பராவுக்கு விதை பிடிக்காது என்ற பேச்சை அங்கேதான் முதலில் கேட்டேன், ரொம்ப நாள் நம்பியும் இருந்தேன். யோசித்துப் பார்த்தால் அங்கே விதை பிடிக்க வழியே இல்லை. சுற்றிலும் பூச்சி நுழையாத வலை. பூவின் நடுவட்டத்தில் இருக்கும் பொடிப் பூக்களில் வெளி வரிசை இரண்டு மூன்று விரிந்த உடனே பறித்துவிடுவோம், அன்றைக்கே பிளாஸ்டிக் கவர் போட்டு அட்டைப்பெட்டிக்குள் போய்விடும். தேனீயும் வராது, பூவும் செடியில் தங்காது, அப்புறம் விதை எங்கிருந்து வரும்? கல்யாணமே பண்ணிவைக்காமல் பெண்ணை மலடி என்று சொன்ன கதைதான் இது.

டெய்சி என்று பொதுவாகச் சொல்லும் பூக்களில், ஒரு பூ என்று நாம் பார்ப்பது ஒரு பூவே கிடையாது. சாமந்தி, சூரியகாந்தி, ஆஸ்டர், துலுக்கச் சாமந்தி எல்லாமே இந்தக் குடும்பம்தான், வரப்பில் காலில் மிதிபடுகிற வெட்டுக்காயப் பூண்டும் கரிசலாங்கண்ணியும்கூட. ஒரு தட்டில் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள் நெருக்கி உட்கார்ந்திருக்கும். ஜெர்பராவில் இதழ் என்று நாம் சொல்வது ஒவ்வொன்றும் ஒரு பெண் பூ, அதன் அடியைக் கவனித்துப் பார்த்தால் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்த சூல்முடி தெரியும். மகரந்தம் தருவது நடுவட்டம். இதில் ஒரு வசதி என்னவென்றால், பெண் பூக்கள் முதலில் விரிந்துவிடும், நடுவட்டத்தில் மஞ்சள் தூள் வர இன்னும் சில நாள் ஆகும். அந்த இடைவெளியில் வேறு செடியின் தூளைக் கொண்டுவந்து தடவிவிட்டால் ஒட்டு முடிந்தது, இப்படி இரண்டு செடியைக் கலப்பதைத்தான் ஒட்டு என்கிறேன். சாமந்தி, நெல் மாதிரி இடுக்கியை வைத்துக்கொண்டு ஆண் பாகத்தைப் பிய்க்கிற வேலையெல்லாம் முதல் நாளில் தேவைப்படாது.

என் மாமியார் வீட்டுக் கிணற்றடியில் ஒரு பழைய ஜெர்பரா உண்டு. ஒல்லி இதழ், ஒற்றை அடுக்கு, மங்கின செங்கல் நிறம், அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் சித்திரை வெயிலில் மாடு மேய்ந்தாலும் திரும்பத் துளிர்க்கும். பாலிஹவுஸ் செடியோ பூவில் ராணி, வெளியே மண்ணில் வைத்தால் ஒரு மழைக்குத் தாங்காது, குருத்து அழுகிவிடும். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், அந்தக் குளிரில் வளர்வது நம் தருமபுரி வெயிலில் வளரும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. இது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது, அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

முதல் வருஷம் தை மாதத்தில் காலை ஒன்பது, பத்து மணிக்குப் பனி காய்ந்ததும், காது குடையும் பஞ்சுக் குச்சியில் தூளை எடுத்து கிணற்றடிச் செடியின் பூவில் தடவினேன். இதழ்கள் வரிசையாக விரிவதால் மூன்று நான்கு நாள் திரும்பத் திரும்பத் தடவ வேண்டும். மேலே பட்டர் பேப்பர் உறை, காம்பில் ஒரு நூல், நூலில் எந்தச் செடியோடு எந்தச் செடி என்று எழுதின சீட்டு. ஒரு மாதம் கழித்து எருக்கம் விதை மாதிரி பஞ்சு விரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் விதையை ஒரு கவரில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன், ஆடியில் விதைக்கலாம் என்று. ஆடியில் ஒன்றுகூட முளைக்கவில்லை. ஜெர்பரா விதைக்கு ஆயுசு குறைவு, எடுத்த கையோடு விதைத்துவிட வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த வருஷம் முளைத்தது, ஆனால் நாற்றை ஆழமாக நட்டுத் தொலைத்தேன், குருத்து மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும், கொஞ்சம் புதைந்தாலும் அழுகல் நோய் பிடித்துக்கொள்ளும். பாதிக்கு மேல் போய்விட்டது. பதினொரு வருஷம் அதே செடியோடு இருந்தவனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும், பாலிஹவுஸ் மேட்டுப் பாத்தியில் தெரியும், வீட்டுத் தொட்டியில் மறந்துவிட்டது.

மூன்றாவது வருஷம் மாசியில் விதைத்தது புரட்டாசியில் பூக்க ஆரம்பித்தது. ஒரே தாய், ஒரே தகப்பன், நாற்பத்தொரு செடி, ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. சோளப்பொரி வெள்ளை ஒன்று, காவிக்கும் ரோஸுக்கும் நடுவில் ஒன்று, இதழ் நுனி மட்டும் மஞ்சளாக ஒன்று, இதழே சரியாக வராமல் தேய்ந்த விளக்குமாறு மாதிரி நாலைந்து. என் மனைவி எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, இதுக்கா மூணு வருஷம் என்றாள். இந்தக் கலவை தற்செயல் கிடையாது. இன்று நாம் பார்க்கும் ஜெர்பராவே ஒரு கலப்பு. தென்னாப்பிரிக்காவின் பார்பர்ட்டன் பக்கத்துக் காட்டுச் செடியை, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் தாவரவியல் தோட்டத்தைக் கவனித்துவந்த லிஞ்ச் என்பவர் அதே ஜெர்பரா பேரினத்தின் வேறொரு இனத்தோடு ஒட்டியதிலிருந்துதான் இத்தனை நிறமும் கிளம்பியது. உள்ளே அத்தனை கலப்பு ஒளிந்திருப்பதால் விதையில் எல்லாம் வெளியே வருகிறது. ஆகவே விதை போட்டால் அதே நிறம் வராது என்று நீங்கள் எழுதியிருந்தால் அது சரி, விதையே வராது என்று எழுதியதுதான் கோபம்.

பூ பூத்த பிறகுதான் உண்மையான வேலை. ஒட்டுப் போட பஞ்சுக் குச்சி போதும், பிடுங்கி எறிய மனசு வேண்டும். வெள்ளை டெய்சிகளில் சாஸ்தா என்று ஒன்று உண்டு, அதை உருவாக்கியவர் அமெரிக்காவில் லூதர் பர்பேங்க், கல்லூரிப் பக்கம் போகாதவர். ஐரோப்பா, இங்கிலாந்து, போர்ச்சுக்கல், ஜப்பான் என்று நாலு இடத்து டெய்சிகளை மாற்றி மாற்றிச் சேர்த்து 17 வருஷம் கழித்து 1901இல்தான் வெளியே விட்டார், பனி மூடின ஒரு மலையின் பேரை அதற்கு வைத்தார். ஆயிரக்கணக்கில் வளர்த்து, பிடித்த சிலதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுவார். என் நாற்பத்தொன்று அவருக்கு ஒரு காலை வேலைக்குக் காணாது.

நான் என்ன பார்த்துக் கழித்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புத்தகத்தில் இருப்பது நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. நிறத்தை நான் கடைசியில்தான் பார்த்தேன். முதலில் தண்ணீர். நம் மாவட்டத்துப் போர் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பது எல்லோருக்கும் தெரியும், பல்லில் காவிக் கறையோடு வளர்ந்த தலைமுறை நாங்கள், அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குடிதண்ணீருக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது அரசுக் கணக்கு, வேறு வழியில்லை என்றால் 1.5 வரை. பறித்த ஜெர்பராவுக்கோ அந்த 1 மில்லிகிராமே அதிகம், இதழ் ஓரம் கருகிவிடும். மனுஷனுக்குச் சரி என்று விட்ட தண்ணீர் பூவுக்கு ஆகாது என்றால் பாருங்கள்! அதனால் ஒவ்வொரு செடியிலும் இரண்டு பூ பறித்து ஒன்றைப் போர் தண்ணீர் பாட்டிலிலும் இன்னொன்றைப் பிடித்துவைத்த மழைத்தண்ணீரிலும் போட்டு ஜன்னலில் வரிசையாக வைத்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் ஏதோ பூஜை என்று நினைத்தார்கள். மூன்றாம் நாளே பாதிப் பூக்களுக்கு ஓரம் தீய்ந்தது, ஏழெட்டு மட்டும் இரண்டு பாட்டிலிலும் ஏறக்குறைய ஒன்றாக நின்றன.

அடுத்தது இலை. ஜெர்பரா கொஞ்சம் புளிப்பு மண்ணைக் கேட்கும் செடி. நம் உப்புத் தண்ணீரை ஊற்ற ஊற்ற மண் காரமாகி, இரும்புச்சத்து எடுக்க முடியாமல் இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். எந்தச் செடி மருந்து கேட்காமல் பச்சையாக நிற்கிறதோ அதற்கு ஒரு மதிப்பெண். அப்புறம் சித்திரை, வைகாசி. அப்புறம் ஐப்பசி மழை. இரண்டையும் கூரை இல்லாமல் தாண்டியது மூன்று செடி. அதில் பதினேழாம் நம்பர் தொட்டி ஒன்று, செம்புக் குடம் விளக்கியது மாதிரி நிறம், நடுவட்டம் கறுப்பு, காம்பு குட்டை. காம்போடு வெட்டி கட்பிளவராக விற்க அது உதவாது, வாசல் தொட்டிக்கு அருமை. வீட்டில் அதன் பேரே பதினேழு. இன்னும் பேர் வைக்கவில்லை, பிரித்து நட்ட குட்டிகள் எல்லாம் தாய் மாதிரியே இருக்கின்றனவா என்று இரண்டு வருஷம் பார்க்காமல் பேர் வைப்பது அவசரம்.

பிரித்து நடுவது என்றால், நல்ல செடி கிடைத்த பிறகு அதன் விதையை எடுக்கக்கூடாது, மறுபடியும் திருவிழாக் கூட்டம்தான் வரும். தூரைப் பிரித்து வேரோடு நட்டால் அச்சு அசலாக அதே செடி. ஒரு தூரில் வருஷத்துக்கு நாலைந்து குட்டிதான் தேறும். லட்சக்கணக்கில் வேண்டும் என்றால் டிஷ்யூ கல்ச்சர், செடியின் துணுக்கைக் குப்பியில் வைத்து வளர்ப்பது. ஆய்வுக்கூடம் அங்கேதான் தேவை, நகல் எடுக்க. இல்லாத நிறத்தைக் கொண்டுவரவும் தேவைப்படலாம், ஜப்பானில் 2017இல் நீலச் சாமந்தி வரவைத்தார்களே, அதற்குப் போட்ட இரண்டு மரபணுவில் ஒன்று நம் வேலியில் படர்கிற சங்குப்பூவுடையது. அது வேறு வித்தை. ஆனால் ஆன்லைனில் நீல ஜெர்பரா விதை என்று விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள் என்று உங்கள் பக்கத்தில் ஒரு வரி போடுங்கள் ஐயா, கடையில் பார்க்கும் நீல ஜெர்பரா சாயம் ஏற்றியது. நானும் ஒரு பாக்கெட் வாங்கினேன், முளைத்தது ஏதோ கீரை.

கம்பெனிச் செடியை வைத்து ஒட்டுப் போட்டால் கேஸ் வராதா என்று என்னிடம் கேட்டவர்கள் நிறைய. 2001இல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பதிவான ரகத்தையும் புது ரகம் உருவாக்கத் தாயாக வைத்துக்கொள்ளலாம் என்கிறது. திரும்பத் திரும்ப அதையே பெற்றோராக வைத்து வியாபார உற்பத்தி செய்வதற்குத்தான் அனுமதி வேண்டும். அவர்கள் செடியையே பிரித்து நாற்றாக்கி விற்பது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள். நாம் உருவாக்கினதை விவசாயி ரகமாகப் பதியவும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது, மற்ற ரகத்திலிருந்து தனித்துத் தெரிய வேண்டும், எல்லாச் செடியும் ஒரே சீராக, மாறாமல் இருக்க வேண்டும்.

என் சிக்கல் அங்கேதான். வீட்டு வாசலில் முப்பது தொட்டியை வைத்துக்கொண்டு சீராக இருக்கிறது என்று நானே சொன்னால் யார் ஒத்துக்கொள்வார்கள்? ஒரு அலுவலகத்தில் தொட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். நல்லா இருக்கு, மேஜையில வெச்சுட்டுப் போங்க என்றார்கள். வைத்துவிட்டு வந்தேன், வேறென்ன செய்ய.

பெங்களூரு அருகில் ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் காமினி, பூர்ணிமா என்று ஆஸ்டர் ரகங்கள் கொடுத்திருக்கிறது, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் சாமந்தியில் கோ 1, கோ 2 கொடுத்திருக்கிறது. நம் பக்கம் தளியில் இஸ்ரேல் கூட்டில் நடக்கும் கொய்மலர் மகத்துவ மையம் இருக்கிறது, காவேரிப்பட்டணம் பக்கம் பையூரில் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இவ்வளவு பூ விளைகிற தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்தில், வீட்டில் ஒட்டுப் போட்டவர்கள் செடியைக் கொண்டுவந்து கொடுத்தால் இரண்டு பருவம் நட்டுப் பார்த்துத் தேறும், தேறாது என்று சொல்ல, ஏதாவது ஒரு நிலையத்தில் ஐந்து சென்ட் பாத்தி ஒதுக்க முடியாதா? பணம் கேட்கவில்லை, பரிசும் கேட்கவில்லை. தேறாது என்றால் அதை எழுதிக் கொடுத்தால்கூடப் போதும், நான் பதினெட்டாம் நம்பருக்குப் போய்விடுவேன். இதை உங்கள் பத்திரிகை கேட்டால் காது கொடுப்பார்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி கேட்ட அந்த அம்மாவுக்குத் திருத்தம் போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள்: இது மார்கழி, இன்னும் சில வாரத்தில் தூள் தடவ ஆரம்பிக்கலாம், எறும்பு ஏறாமல் தொட்டிக்கு அடியில் தண்ணீர்த் தட்டு வைக்கச் சொல்லுங்கள், விதையைச் சாமி படத்துக்குப் பின்னால் வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.