18 மாத ஊசிக்கும் 3 வயது ஊசிக்கும் நடுவில்: ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, கல்முனை பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

2, 4, 6, 9, 12, 18 மாதங்களில் ஊசிக்காகப் பிள்ளை கிளினிக்குக்கு வருகிறது. அதற்கடுத்த ஊசி 3 வயதில்தான். பிள்ளைக்குக் கதை வருகிறதா, வராமல் நிற்கிறதா என்று தெரியவருவது இந்த இடைவெளியில். 3 வயதில் தாய் "இன்னும் கதைக்கிறானில்ல" என்று சொல்லும்போது ஒன்றரை வருடம் போய்விட்டிருக்கும்.

நிறை பார்க்கும் நாள் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் தராசில் வைத்து, பதிவேட்டில் புள்ளி போட்டு, கோடு சரிந்திருந்தால் திரிபோஷா சத்துமா எழுதி, அடுத்த பிள்ளையைக் கூப்பிடுகிற அவசரத்தில், யாரும் அந்தப் பிள்ளையோடு ஒரு சொல் கதைக்காமலே வரிசை முடிந்துவிடலாம். 24ஆம், 30ஆம் மாத நிறைப் பதிவு நாட்களில் ஒரு பிள்ளைக்கு 10 நிமிடம் ஒதுக்கித் தாருங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

அந்த 10 நிமிடத்தில் என்ன கேட்பது என்பதைவிட எப்படிக் கேட்பது என்பதில்தான் பிழை நடக்கிறது. "மகன் கதைப்பானா?" என்றால் எந்தத் தாயும் "ஓம்" என்றுதான் சொல்வார். "நேற்றுக் காலையிலிருந்து அவன் வாயில் வந்ததெல்லாம் சொல்லுங்க பாப்பம்" என்று கேட்டு விரல்விட்டு எண்ணவேண்டும். 2 வயதில் "பால் தா", "உம்மா வா" போல இரண்டு சொல் சேரவேண்டும். 30 மாதத்தில் ஏறத்தாழ 50 சொல் இருக்கவேண்டும். போனில் கேட்ட ஆங்கிலப் பாட்டை அப்படியே ஒப்பிப்பதும் "ஒன், டூ, த்ரீ" சொல்வதும் இந்தக் கணக்கில் சேராது. பத்துப் பாட்டுப் பாடுகிற பிள்ளை தண்ணீர் கேட்க உம்மம்மாவின் கையைப் பிடித்து இழுத்தால், அந்தப் பாட்டை நம்பவே கூடாது.

அடுத்தது விரல். "அங்க பார், பல்லி!" என்று சுவரைக் காட்டுங்கள். பிள்ளை சுவரைப் பார்க்கிறதா, உங்கள் விரலை மட்டும் பார்க்கிறதா? தானாக ஒன்றைச் சுட்டிக்காட்டி, தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? பிஸ்கட் வேண்டிக் கை நீட்டுவது வேறு, "நீயும் பார்" என்று காட்டுவது வேறு. இரண்டாவது 18 மாதத்துக்குள் வந்திருக்க வேண்டும். அதுவும் இல்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை என்றால் அடுத்த நிறைநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

காதைப் பார்க்கிறோம் என்று பின்னால் நின்று கைதட்டுவது பெரும்பாலும் வீண்வேலை. காற்று கழுத்தில் படும், நிழல் அசையும், காது கேளாத பிள்ளையும் திரும்பும். மின்விசிறியை நிறுத்துங்கள். பிள்ளை தாயின் மடியில் இருக்கட்டும். முன்னால் ஒருவர் சிரட்டையோ கரண்டியோ காட்டிக் கவனத்தைப் பிடித்து, பிறகு அதை மறைக்கட்டும். மற்றவர் பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி, ஒரு கை தூரத்தில், காது மட்டத்தில் நின்று, மெல்லிய "ஸ்ஸ்" ஒன்றும் தாழ்ந்த "ஊ" ஒன்றும் எழுப்பவேண்டும். இரண்டு பக்கமும் தனித்தனியாக. உறுமும் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்புகிற பிள்ளை "ஸ்ஸ்"க்குத் திரும்பாமல் இருக்கலாம். உயர்ந்த சுருதி ஒலிகள் மட்டும் கேட்காத காது அது. வீட்டில் "நல்லாக் கேக்குது" என்று சொல்வதும் அதனால்தான். இதில் தேறினாலும், கதை பிந்திய பிள்ளைக்குக் கருவி வைத்துச் செய்யும் கேட்டல் பரிசோதனை வேண்டும்.

இன்னும் சில. 18 மாதம் முடிந்தும் பிடிக்காமல் நடக்காத பிள்ளையை அனுப்பவேண்டும். தவழாமலே நடந்த பிள்ளைக்காகப் பயப்படத் தேவையில்லை. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவித்தால் "இடக்கைக்காரன்" என்று சிரிக்காமல் மற்றக் கையின் பலத்தைப் பாருங்கள். 2 மாதம் முந்திப் பிறந்த பிள்ளையின் 18 மாதத்தை 16 ஆகக் கணக்கிடுங்கள். 2 வயதுவரை அப்படித்தான். இருந்த சொல் இல்லாமற் போனால், எந்த வயதானாலும், அந்த வாரமே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

கண்டுபிடித்த பிறகு நடப்பதுதான் எங்களுக்குக் கூடிய கவலை. வைத்தியசாலைக்கு அனுப்பும் துண்டில் "பேச்சு இல்லை" என்று மட்டும் எழுதினால் போகிற இடத்தில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். மாதக் கணக்கில் வயது, பிறந்த நிறை, கடும் மஞ்சள் காமாலை வந்ததா, சொல்கிற சொற்கள், செய்யாதவை: ஐந்து வரி போதும். பேச்சுச் சிகிச்சைக்குப் போனால் "முதலில் காதைப் பார்த்துவிட்டு வாங்க" என்பார்கள். அது சரியான வரிசைதான். ஆனால் பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்கு 100 கிலோமீற்றருக்கு மேல். ஒரு நாள் கூலியை விட்டு, மடியில் பிள்ளையோடு இரண்டு பஸ் மாறி வருகிற குடும்பம் மூன்றாம் தடவை வராது. கேட்டல் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் ஒரே நாளில் திகதி கொடுங்கள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலிருந்து வருபவர்களுக்கும் இதே கதைதான். பிள்ளையைத் தமிழில் சோதித்துத் தமிழில் பயிற்றக்கூடியவரிடமே அனுப்புங்கள்.

திகதி வரும்வரை வெறுங்கையோடு அனுப்பவேண்டாம். வசம்பு உரைத்து நாக்கில் தடவுவதில் மாதங்கள் போகின்றன. ஒரு வயதுக்குள் தேன் தடவுவது ஆபத்தும்கூட. தாயிடம் சொல்லவேண்டியது சுருக்கமானது. போனை எடுத்து வையுங்கள். "இது என்ன?" என்று பரீட்சை வைக்காதீர்கள். பிள்ளை "பால்" என்றால் "சூட்டுப் பால்" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லி, மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை வாயை மூடி அதன் முகத்தைப் பாருங்கள். அந்த ஐந்தும்தான் பெரியவர்களுக்குக் கஷ்டம். தாய் வெளிநாட்டில் என்றால் இதை அம்மம்மாவுக்கு செய்து காட்டவேண்டும், கடதாசியில் கொடுத்துப் பயனில்லை.

முன்பள்ளிக் கல்விப் பணியகத்துக்கும் இந்த மடலின் பிரதியை அனுப்புகிறோம். கதைக்கவில்லை, மூத்திரம் சொல்லவில்லை என்று ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது என ஒரு சுற்றறிக்கை வரட்டும். 3 வயதுக்காரரின் கையில் நாலுகோட்டுக் கொப்பி கொடுப்பதைப் பற்றி வேறு மடலில் சண்டை பிடிக்கிறோம்.

படுவான்கரையில் ஒன்று, பொத்துவில் பக்கம் ஒன்று என இரண்டு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் ஆறு மாதம் செய்து பாருங்கள். கேள்விகளை A4 தாளின் ஒரு பக்கத்துக்குள் தமிழில் எழுதித் தருகிறோம். மருத்துவமாதுகளுக்கு அரை நாள் செய்துகாட்டவும் வருகிறோம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் சிறுபிள்ளைகளோடு வேலை செய்யும் சிலர்